இருபத்தொரு நாள் சட்டமும் ஏழு நாள் கப்பலும்

சனிக்கிழமை மதியம் ஒரு மணி. மயாமி விமான நிலையத்தில் பெட்டி வரும் பெல்ட் ஓடி ஓய்ந்துவிட்டது. சென்னையில் கிளம்பி, வழியில் ஓரிடத்தில் விமானம் மாறி வந்திறங்கிய அம்மாவும் அப்பாவும் இன்னும் அதன் பக்கத்திலேயே நிற்கிறார்கள். டல்லாஸிலிருந்து வந்து சேர்ந்த மகன் கடிகாரத்தைப் பார்க்கிறான். கப்பல் நாலரைக்கு. பயணிகள் பட்டியலை எல்லைக் காவல் துறைக்கு முன்கூட்டியே கொடுத்தாக வேண்டும் என்பதால், கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் இருக்கும்போதே ஏறும் வழியை அடைத்துவிடுவார்கள். "பெட்டி கெடக்கட்டும்ப்பா, மொதல்ல கப்பலைப் பிடிப்போம்" என்கிறார் அப்பா. அவருடைய பிரஷர் மாத்திரை அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது என்பது அம்மாவுக்கு மட்டும் தெரியும்.

இந்தக் குடும்பம் என் கற்பனை. ஆனால் இப்படி ஒரு குடும்பம் ஒவ்வொரு சனிக்கிழமையும் அங்கே நிற்கும் என்று கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். விமான நிலையங்களின் பெட்டித் தடத்தைப் பதிவு செய்யும் எஸ்.ஐ.டி.ஏ. நிறுவனத்தின் கணக்குப்படி, 2024-ல் ஆயிரம் பயணிகளுக்கு 6.3 பெட்டிகள் தவறவிடப்பட்டன. 2007-ல் இது ஏறத்தாழ 19 ஆக இருந்தது. குறைந்திருக்கிறது, மறுக்க முடியாது. சனிக்கிழமைதோறும் மயாமியிலிருந்து கிளம்பும் ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ கப்பலில், அறைக்கு இருவர் என்ற கணக்கில் 5,610 பேர். அத்தனை பேரும் விமானத்தில் வந்ததாக வைத்துக்கொண்டால், சராசரியாக முப்பத்தைந்து பேர் பெட்டியில்லாமல் ஏறுவார்கள். யார் அந்த முப்பத்தைந்து பேர் என்று யாருக்கும் தெரியாது. முப்பத்தைந்து பேர் இருப்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். இந்த வழக்கின் உயிர்நாடி இங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன். பிறகு இதற்குத் திரும்பி வருகிறேன்.

அந்தப் பெட்டிக்கு யார் பொறுப்பு? ஏற்றிவந்த விமானமா, ஏழு நாள் உல்லாசத்தை விற்ற கப்பலா, "ஒரு நாள் முன்னாடியே வந்திருக்கணும்" என்று ஊரே குறைசொல்லும் பயணியா?

விமானத்திலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் அங்கேதான் சட்டம் தெளிவாக இருக்கிறது. 1999 மே 28 அன்று மாண்ட்ரியலில் கையெழுத்தான உடன்படிக்கை 2003 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2009-ல் சேர்ந்தது. அதற்கு முன்பிருந்த 1929-ஆம் ஆண்டின் வார்சா உடன்படிக்கை பெட்டியைத் தராசில் வைத்தது: கிலோவுக்கு இவ்வளவு என்று விலை. காஞ்சிபுரம் பட்டும் பழைய செய்தித்தாளும் அதன் கண்ணில் ஒன்றே. மாண்ட்ரியல் தராசை ஒதுக்கிவிட்டு ஆளைப் பார்த்தது. பயணி ஒருவருக்கு உச்சவரம்பு 1,000 சிறப்பு எடுப்புரிமை என்று தொடங்கி, விலைவாசியோடு உயர்ந்து, 2024 டிசம்பர் 28 முதல் 1,519 ஆகியிருக்கிறது. சிறப்பு எடுப்புரிமை என்பது ஐ.எம்.எஃப். ஐந்து நாணயங்களைக் கலந்து வைத்திருக்கும் கணக்கு அலகு. இந்தத் தொகை ஏறக்குறைய இரண்டாயிரம் டாலர். அதைவிட முக்கியம், தாமதத்துக்கும் விமான நிறுவனமே பொறுப்பு என்று 19-ஆம் பிரிவு சொல்கிறது. தப்ப வேண்டுமென்றால், செய்ய வேண்டியதையெல்லாம் செய்தோம் என்று நிறுவனம்தான் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்கும் சுமையைப் பயணியின் தலையில் ஏற்றாத சட்டம் நல்ல சட்டம்தான்.

கோளாறு அதன் கடிகாரத்தில் இருக்கிறது. பெட்டி வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 21 நாள் கழியும்வரை, நிறுவனமே ஒப்புக்கொண்டாலொழிய, அது ‘தொலைந்த’ பெட்டி ஆகாது. வெறும் ‘தாமதமான’ பெட்டி. தொலைந்தால் உள்ளே இருந்ததற்கு விலை கேட்கலாம். தாமதமானால், அந்தத் தாமதத்தால் கையைவிட்டுப் போன காசை ரசீதோடு காட்ட வேண்டும். வீடு திரும்பும் பயணத்தில் பெட்டி பின்தங்கினால் இந்தப் பாகுபாடு யாரையும் கடிக்காது. வீட்டில் மாற்றுச் சட்டை இருக்கிறது. கப்பல் பயணத்தில் கதையே வேறு. கல்யாணம் முடிந்த மறுவாரம் வந்துசேரும் கூறைப்புடவையைத் தாமதமானது என்று எந்த வீட்டில் சொல்வார்கள்? பெட்டி எட்டாம் நாள் அலுங்காமல் நலுங்காமல் டல்லாஸ் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். சட்டத்தின் கண்ணில் எதுவும் தொலையவில்லை. தொலைந்தது அந்த ஏழு நாள். அதற்கான கட்டம் படிவத்தில் இல்லை. மன உளைச்சலுக்குத் தனியாகக் கேட்கலாமே என்றால், 2010-ல் ஐரோப்பிய நீதிமன்றம் அந்த வாசலையும் குறுக்கிவிட்டது: பொருளிழப்போ மனவருத்தமோ, எல்லாம் அந்த ஒரே உச்சவரம்புக்குள் அடங்க வேண்டும்.

ரசீதுக்கு வருவோம். அமெரிக்கப் போக்குவரத்துத் துறை ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது: இடைக்காலச் செலவுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று விமான நிறுவனம் தன்னிஷ்டத்துக்கு வரம்பு போடக் கூடாது என்கிறது. நியாயமான செலவு என்றால் கொடுத்தாக வேண்டும். சரி, கப்பலில் எதை வாங்கி ரசீது வாங்குவது? அங்கே இருக்கும் கடைகளில் கப்பல் பெயர் போட்ட டி-ஷர்ட் கிடைக்கும், கைக்கடிகாரம் கிடைக்கும், வாசனைத் திரவியம் கிடைக்கும். அறுபத்தெட்டு வயது அம்மாவுக்கு ரவிக்கையும் உள்பாவாடையும் கிடைக்காது. வேண்டியது கிடைக்காததால் அவர் வாங்காமல் இருந்துவிடுகிறார். வாங்காததால் ரசீது இல்லை. ரசீது இல்லாததால் இழப்பே இல்லை என்று ஆகிவிடுகிறது. கஷ்டப்பட்டுச் சமாளித்தவருக்குக் கிடைப்பது குறைவு, கையை வீசிச் செலவு செய்தவருக்கு அதிகம். இந்தச் சட்டத்தில் எனக்கு உறுத்துவது உச்சவரம்பைவிட இதுதான்.

"அடுத்த துறைமுகத்துக்கு அனுப்பிவைக்கிறோம்" என்று கவுன்டரில் சொல்வார்கள். பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன்; ஆனால் மேற்குக் கரீபியன் தடத்தை வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு நாள் முழுக்கக் கடல். ஒரு நாள் கோகோகே, கப்பல் நிறுவனத்தின் சொந்தத் தீவு. பயணிகள் விமானம் எதுவும் அங்கே போவதில்லை. கோசுமெல்லில் காலையில் ஒதுங்கி மாலையில் கிளம்பிவிடும். அது மெக்சிகோ, ஆளில்லாமல் வரும் பெட்டி சுங்கத்தைத் தாண்டி, துறைமுக முகவர் கைக்கு வந்து, அவர் படகுத்துறைக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். இதில் ஒரு கண்ணி நழுவினாலும் பெட்டி கோசுமெல்லில், கப்பல் அடுத்த துறைமுகத்தில். நிற்கிற வீட்டுக்குப் பெட்டியைக் கொண்டுவந்து தரும் ஏற்பாட்டை நகர்கிற வீட்டுக்கும் பொருத்திப் பார்ப்பது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை.

ஆக, விமானத் தரப்பைப் பற்றி என் முடிவு: பொறுப்பு அதன்மேல் இருப்பது சரி, அந்தப் பொறுப்பை அளக்கும் கோல் தப்பு.

கப்பல் தரப்பை எடுத்த எடுப்பிலேயே வில்லனாக்கிவிடுவது எளிது. அது நியாயமாகாது. ஒரே நாள் காலையில் ஐயாயிரத்துச் சொச்சம் பேரை இறக்கி, அறைகளைச் சுத்தம் செய்து, மாலைக்குள் இன்னொரு ஐயாயிரத்துச் சொச்சம் பேரை ஏற்றுகிறார்கள். ஆளுக்கு இரண்டு பெட்டி என்று வைத்தாலும் உள்ளே பதினோராயிரம், வெளியே பதினோராயிரம். பயணி வீட்டிலேயே அச்சிட்டுக் கட்டிய சீட்டில் அறை எண் இருக்கிறது, துறைமுக வாசலில் போர்ட்டர் வாங்குகிறார், எக்ஸ்ரேயில் போகிறது, இரவுக்குள் அறை வாசலில் நிற்கிறது. கடைசி இரவு நிறச்சீட்டு கட்டி வெளியே வைத்தால் மறுநாள் காலை துறைமுகக் கூடத்தில் அதே நிறத்துக் கூட்டத்தில் காத்திருக்கிறது. இவ்வளவு பெரிய கூட்டத்தில் இவ்வளவு குறைவாகத் தவறு நடப்பது மெச்ச வேண்டிய விஷயம். பெட்டி இரவு ஒன்பது மணிக்கு வந்தது, சீட்டு கிழிந்து வேறு தளத்துக்குப் போய்விட்டது என்ற புகார்களில் எனக்கு அவ்வளவு அனுதாபம் இல்லை. ஒரு மாற்றுத் துணியையும் மாத்திரையையும் கைப்பையில் வைத்திருந்தால் அவை புகாராகவே ஆகியிருக்காது. ராத்திரிவரை பெட்டி வராததற்கு அதன் உள்ளே இருப்பதே காரணமாகவும் இருக்கலாம்: இஸ்திரிப் பெட்டி, கெட்டில், நம் ஊர்க்காரர்கள் ஆசையாக அடுக்கிக் கொண்டுபோகும் எலெக்ட்ரிக் குக்கர். சூடாகும் எதுவும் கப்பலில் தீப்பிடிக்கும் எதுவும்தான். எக்ஸ்ரேயில் கண்டால் பாதுகாப்பு அறைக்குப் போய்விடும், நீங்கள் போய்க் கையெழுத்திட்டு மீட்க வேண்டும். கடைசி இரவு எல்லாக் கால்சட்டையையும் மூட்டைகட்டி வெளியே வைத்துவிட்டு, காலையில் லுங்கியோடு விழிப்பவருக்கும் கைப்பை என்ற அதே பதில்தான்.

வாதம் சூடுபிடிப்பது ஒப்பந்தத்தில். கடல்வழிப் பயணிகளுக்கான ஏதென்ஸ் உடன்படிக்கை 1974-ல் பிறந்தது. அதன் 2002-ஆம் ஆண்டுத் திருத்தம் 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி அறைக்குள் இருக்கும் பெட்டிக்குப் பயணி ஒருவருக்கு 2,250 எடுப்புரிமை வரையிலும், கப்பல் பொறுப்பில் ஒப்படைத்த பெட்டிக்கு 3,375 வரையிலும் கேட்கலாம். ஒப்படைத்த பெட்டியானால், தன்மேல் தவறில்லை என்று கப்பல்தான் நிரூபிக்க வேண்டும். கப்பல் வந்து சேர்ந்தபின் நியாயமான காலத்துக்குள் பெட்டி கைக்கு வராததால் ஏற்படும் பண இழப்பையும் அது இழப்பின் வரையறைக்குள்ளேயே சேர்த்திருக்கிறது; வேலைநிறுத்தத் தாமதம் மட்டும் விலக்கு. இந்த ஒரு விஷயத்தில் கடல் சட்டம் வான் சட்டத்தைவிடத் தாராளம். ஐரோப்பிய ஒன்றியம் இதைத் தன் சட்டமாகவே ஆக்கிக்கொண்டது.

அமெரிக்கா இந்த உடன்படிக்கையில் இல்லை. ஃப்ளோரிடாவிலிருந்து கிளம்பும் பயணத்தை ஆள்வது பயணச்சீட்டு ஒப்பந்தம், அதை எழுதியவர் கப்பல்காரர். அங்கே பெட்டிக்கான பொறுப்பு பெரும்பாலும் சில நூறு டாலரைத் தாண்டாது. கூடுதல் மதிப்பை எழுத்தில் அறிவித்துக் கட்டணம் கட்டினால்தான் அது உயரும். போர்ட்டர் தங்கள் ஊழியர் இல்லை, விமான நிறுவனம் தனி அமைப்பு, அதற்கு விமானச்சீட்டு எடுத்துக் கொடுத்தது வெறும் முகவராக மட்டுமே என்றெல்லாம் வரிசையாக விலக்குகள். வழக்குப் போடலாமே என்றால் எந்த ஊரில் போடுவது என்பதையும் ஒப்பந்தமே சொல்கிறது. கார்னிவல் கப்பல் நிறுவனத்தின்மீது நடந்து 1991-ல் தீர்ப்பான வழக்கு பெட்டியைப் பற்றியதல்ல, கப்பலில் வழுக்கி விழுந்ததைப் பற்றியது. ஆனால் அதில்தான், வாஷிங்டன் மாநிலத்துத் தம்பதி ஃப்ளோரிடாவுக்குப் போய்த்தான் வழக்காட வேண்டும் என்ற சீட்டு நிபந்தனையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்றது. நீதிபதி ஸ்டீவன்ஸ் உடன்படவில்லை. தன் மாறுபட்ட தீர்ப்போடு அந்தச் சீட்டின் பொடி எழுத்தை அப்படியே நகலெடுத்து இணைத்தார், படிக்க முடிகிறதா பாருங்கள் என்பதுபோல. எத்தனையோ பக்க வாதத்தைவிட அந்த இணைப்பு எனக்கு உறைக்கிறது.

இருந்தாலும் பெரும்பான்மை நீதிபதிகளின் வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. எல்லா ஊரிலும் வழக்குக்கு நிற்க வேண்டியிருந்தால் செலவு ஏறும், செலவு ஏறினால் கட்டணம் ஏறும்; நிபந்தனையால் மிச்சமாவது பயணிக்கும் குறைந்த கட்டணமாக வருகிறது என்றார்கள். பெட்டிக்கும் இதையே நீட்டலாம். சரி, நீட்டித்தான் பார்ப்போம். அந்த முப்பத்தைந்து பேருக்கும் விமானச் சட்டத்தின் முழு உச்சவரம்பையும், ஆளுக்கு இரண்டாயிரம் டாலரை, கப்பலே கொடுத்துவிடுகிறது என்று வையுங்கள். மொத்தம் எழுபதாயிரம். 5,610 பேருக்குப் பங்கிட்டால் தலைக்குப் பன்னிரண்டரை டாலர். கப்பலில் ஒரு காக்டெயில் விலை. அதுவும் பிறகு விமான நிறுவனத்திடம் வசூலித்துக்கொள்ளக்கூடிய பணம். கட்டணம் ஏறும் என்ற பூச்சாண்டி இதற்குமேல் பெரிதாகாது.

மூன்றாவது தரப்பு பயணி. ஒரு நாள் முன்பே வா என்பது நல்ல அறிவுரை. நானும் எவரிடமும் அதையே சொல்வேன். பின்தங்கும் பெட்டிகளில் கணிசமானவை விமானம் மாறும் இடத்தில்தான் பின்தங்குகின்றன, பெரும்பாலானவை ஓரிரு நாளில் வந்துவிடுகின்றன. சென்னையிலிருந்து வருபவர் அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே பெட்டியை எடுத்துச் சுங்கம் தாண்டி மறுபடி ஒப்படைக்க வேண்டும். அது இன்னொரு நழுவுமிடம். ஒரு நாள் இடைவெளி இருந்தால் பாதிக் கவலை தீரும். ஆனால் அறிவுரையைத் தீர்ப்பாக மாற்றும்போது நாக்கு புரளுகிறது. வீட்டைப் பூட்டாமல் போனவனைத் திட்டலாம். அதற்காகத் திருடனை விட்டுவிட மாட்டோம். மேலும், கிளம்பும் நாளன்றே வந்திறங்கும் விமானச்சீட்டைக் கப்பல் நிறுவனங்களே விற்கின்றன. ஆளைக் கப்பலில் சேர்ப்போம் என்று அந்தச் சீட்டோடு உறுதியும் தருகின்றன. அந்த உறுதி ஆளுக்கு. ஆளோடு வரும் பெட்டியைப் பற்றி அது பேசுவதில்லை. விற்கும்போது போதுமானதாக இருந்த நேரம், தவறிய பிறகு மட்டும் பயணியின் அலட்சியமாக மாறுவது எப்படி?

இன்சூரன்ஸ் எடு என்பார்கள். எடுக்கலாம். தாமதப் பிரிவு பெரும்பாலும் ஆறு மணி நேரத்திலிருந்து 24 மணி நேரம்வரை காத்திருந்த பிறகுதான் கண்ணைத் திறக்கும், கொடுக்கும் தொகையும் சிறிது, அதற்கும் அதே ரசீது வேண்டும். 2021-ல் வந்த ஏர்டேக் போன்ற கருவிகள் வேறொரு வகை ஆறுதல்: பெட்டி எங்கே கிடக்கிறது என்று நடுக்கடலில் உட்கார்ந்து பார்க்கலாம். கவுன்டரில் வாதாட அது கைகொடுக்கும். கப்பல் கரையை விட்ட பிறகு, சொந்தப் பெட்டி மயாமியிலேயே இருப்பதைத் துல்லியமாகத் தெரிந்துகொள்வதில் என்ன சுகமோ.

இப்போது முடிவு. விமானமும் கப்பலும் ஒரே கையால் ஒரே விலைக்கு விற்கப்பட்டிருந்தால், விற்றவரே பெட்டிக்கும் பொறுப்பு. இது என் கண்டுபிடிப்பு அல்ல. 2018 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறையில் இருக்கும் தொகுப்புப் பயணச் சட்டம் இதைத்தான் சொல்கிறது: தொகுப்பில் உள்ள சேவையை யார் செய்தாலும், ஒழுங்காக நடப்பதற்கு விற்றவர் பதில் சொல்ல வேண்டும், சிக்கலில் மாட்டியவருக்கு உதவியும் செய்ய வேண்டும், பிறகு அவர் விமான நிறுவனத்திடம் மோதிக்கொள்ளலாம். பிரிட்டனிலும் இதே ஏற்பாடு. சவுத்ஹாம்ப்டன்காரருக்கு இருக்கும் இந்தப் பாதுகாப்பு டல்லாஸ்காரருக்கு இல்லை என்பதற்குப் பூகோளத்தைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. வாரந்தோறும் முப்பத்தைந்து என்று கப்பல்காரருக்குத் தெரியும் என்றேனே, அது இங்கே உதவுகிறது. முன்கூட்டியே தெரிந்த, சிறிய, எல்லார் தலையிலும் தூவிவிடக்கூடிய நஷ்டத்தை யார்மீது விழுமோ அவர்மீதே விழட்டும் என்று விடுவது திறமையான வியாபாரமாக இருக்கலாம், நியாயம் ஆகாது.

விமானச்சீட்டைத் தனியாக எடுத்தவருக்குக் கப்பல்மீது இந்த உரிமையை நான் கேட்கவில்லை. அங்கே விமானம்தான் பொறுப்பு; திருத்த வேண்டியது அந்த 21 நாள் கடிகாரம். பயணத்தின் காலமும் கப்பலின் தேதியும் செக்-இன் நேரத்திலேயே தெரிவிக்கப்பட்டிருந்தால், பயணம் முடியும் நாளில் பெட்டி வராததைத் தொலைந்ததற்குச் சமமாகக் கணக்கில் எடுக்க வேண்டும். பெட்டி ஒப்படைக்கப்படுவதில் தனக்குள்ள சிறப்பு அக்கறையைப் பயணி அறிவித்து, கூடுதல் கட்டணம் கட்டி வரம்பை உயர்த்திக்கொள்ள மாண்ட்ரியல் 22-ஆம் பிரிவு இப்போதே ஒரு கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது. கவுன்டரில் போய் அந்தக் கதவைக் கேட்டுப் பாருங்கள். கேட்டவரை மேலும் கீழும் பார்ப்பார்கள்.

அதுவரை, துணியைக் கலந்து அடுக்குவதுதான் வழி. அப்பாவின் சட்டையில் பாதி அம்மாவின் பெட்டியில், அம்மாவின் புடவையில் பாதி அப்பாவின் பெட்டியில். இதைச் சட்டமும் கெடுக்காது: பார்சிலோனாவிலிருந்து பாரிஸ் போன நால்வர் குடும்பம் இரண்டே பெட்டியில் எல்லாருடைய பொருளையும் வைத்துத் தொலைத்தபோது, அடுத்தவர் பெட்டியில் இருந்த தன் பொருளுக்கும் ஒருவர் தன் பங்கு வரம்புவரை கேட்கலாம் என்று 2012-ல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. எது யாருடையது என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான். பூட்டுவதற்கு முன் திறந்த பெட்டியை ஒரு போட்டோ எடுத்துவைத்தால் போதும். மாத்திரை மட்டும் கைப்பையில்.

நம் கற்பனைக் குடும்பம் விமான நிலையத்தை விட்டு வெளியே வருமுன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: புகார்ச் சீட்டு எழுதி எண்ணை வாங்கிக்கொள்வது. கப்பல் போய்விடும் என்ற பதற்றத்தில் பலர் விட்டுவிடுவது அதைத்தான். எட்டாம் நாள் டல்லாஸில் பெட்டி வந்திறங்கியதும் எல்லாரும் பெருமூச்சு விடுவார்கள். பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து இன்னொரு கடிகாரம் ஓடத் தொடங்கியிருக்கும். தாமதத்துக்கான புகாரை எழுத்தில் கொடுக்கச் சட்டம் பயணிக்குத் தரும் அவகாசமும் 21 நாள்தான். இந்த முறை தாமதித்தால் மன்னிப்பு கிடையாது.